நெசமா கள்ளமா பார்த்துச் சொன்னவர்

பாளையங்கோட்டைப் பக்கம் யார் வீட்டில் கையெழுத்துப் போட்ட கிரிக்கெட் மட்டையோ பந்தோ இருந்தாலும், அது நெசமா கள்ளமா என்று கேட்க ஒரே இடம்தான் இருந்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் அவர் வைத்திருந்த விளையாட்டுச் சாமான் கடை. ஊர் அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் மகள் என்னிடம் எப்போதும் மரியாதையாக நடந்துகொண்டவள், அவளுக்காக. அவர் சொன்ன ஒரே ஒரு சொல்லால் என் அப்பா பொய்யர் என்று பெயர் வாங்கி, அந்தப் பெயரோடு செத்துப்போனார். அதை மறைத்துவிட்டு அண்ணாச்சியைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நல்லதும் நிறைய உண்டு. முதலாவது அவர் பார்க்கிற விதம். டியூப் லைட் வெளிச்சத்தில் எதையும் பார்க்க மாட்டார். பொருளை வாங்கிக்கொண்டு, வெயில் விழுகிற கடைப்படிக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்து, வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸை மாட்டிக்கொள்வார். மட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பார். “பேரைப் படிச்சுட்டா மனசு ஆசைப்பட்டுரும் வே. கோட்டை மட்டும் பாக்கணும்” என்பார். மை மரத்தின் ரேகைக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கோடு எங்கே வேகமாகப் போகிறது, எங்கே யோசித்து நிற்கிறது என்று பார்ப்பார். தன் பெயரை எழுதுகிறவன் யோசிக்க மாட்டான், அடுத்தவன் பெயரை எழுதுகிறவன்தான் வளைவு வந்தால் நின்று நின்று போவான், நின்ற இடத்தில் மை குளம் கட்டும் என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பார்த்து முடித்ததும் ஒரே சொல். நெசம் என்பார், அல்லது கள்ளம் என்பார். “இருக்கலாம்”, “தெரியல” என்ற இரண்டும் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

இதற்குக் காசு வாங்க மாட்டார். பொருள் கொண்டுவந்தவர் வாங்கித் தருகிற காபியைக்கூடக் குடிக்க மாட்டார். “குடிச்சா நாக்கு அவனுக்காகப் பேசும்லா.” செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் பார்க்கவே மாட்டார். “போட்டோவைப் பாத்து ஆளுக்குக் காய்ச்சல் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா வே? சாமானைக் கொண்டாரச் சொல்லும்.”

நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே எங்கள் வரிசை. நாளெல்லாம் கையெழுத்து, கைநாட்டு, சாட்சி என்று கிடக்கிறவனுக்கு, ஒரு கோட்டைப் பார்த்து நெசம் சொல்லிவிடுகிற மனிதர் மேல் பிரியம் வந்ததில் அதிசயம் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்தால் அவர் கடையில்தான் இருப்பேன். கேட்டவர்களுக்கு அவர் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். இன்னார் கொண்டுவந்த பொருளில் உள்ள கையெழுத்து நெசம், அல்லது கள்ளம் என்று. அதை எழுதுகிறது நான். “எனக்குக் கோழி கிண்டுன மாதிரி கையெழுத்து. நீரு எழுதும், நான் சீல் குத்துதேன்” என்பார். கடை முத்திரையை மையில் ஒற்றிக் குத்துவார். பத்து வருசப் பழக்கத்தில் அவர் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. பத்திரம் எழுதுகிற எனக்கே அது உறைக்கவில்லை.

ஒரு தடவை திசையன்விளையிலிருந்து ஒரு பாத்திரக் கடை முதலாளி வந்தார். மும்பையில் வாங்கிய மட்டை, அதில் பதினோரு பேர் கையெழுத்து. பட்டுத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

“கள்ளம்.”

“என்ன அண்ணாச்சி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“பதினோரு பேருல ஒருத்தன்கூடவா இடது கைக்காரன் இல்ல? அத்தனை கோடும் ஒரே பக்கமாச் சாயுது. ஒரே ஆளு ஒரே மூச்சுல உக்காந்து போட்டிருக்கான். எட்டாவது பேரு வரும்போது அவனுக்கு விரல் வலிச்சிருக்கு, அன்னா பாரும், எழுத்து தளருது.”

முதலாளி முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அடுத்த தீபாவளிக்கு அண்ணாச்சிக்கு வேட்டி துண்டு அனுப்பினார், அண்ணாச்சி அதைத் திருப்பி அனுப்பினார். எட்டாவது பேரில் விரல் வலிக்கும் என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். “தெரியும்வே” என்று சிரித்தார். நான் அதை ஞானம் என்று நினைத்துக்கொண்டேன். சரியான மடையன்.

இன்னொரு நாள் ஏரலிலிருந்து ஒரு நர்சம்மா வந்தாள். செத்துப்போன தம்பி வாங்கிவைத்திருந்த படம், கண்ணாடி போட்டது. படத்தில் இருந்தவர் நம் மாநிலத்துக்கு ஆடிய ஒரு வேகப்பந்து வீச்சாளர். முப்பது வருசத்துக்கு முன்னால் பாளையங்கோட்டை மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஆட வந்தார். அன்று ஊரே திரண்டது. படம், அட்டை, தொப்பி என்று கிடைத்ததில் எல்லாம் கையெழுத்து வாங்கிப் போனார்கள், இன்றும் இந்தப் பக்கம் நூறு இருநூறு வீட்டுச் சுவரில் அவர் கையெழுத்து தொங்குகிறது. அவர் ஊரில் தங்கியிருந்த மூன்று நாளும் அவருக்குத் துண்டு, தண்ணீர் எடுத்துக் கொடுத்துக் கூடவே இருந்த உள்ளூர்க்காரர் நம் அண்ணாச்சிதான். அதுதான் அவருடைய பெருமைக்கெல்லாம் வேர். “அவரு கை அசையுத விதம் எனக்குத் தெரியும்வே, பக்கத்துலயே நின்னவன்லா” என்று அடிக்கடி சொல்வார்.

நர்சம்மாவின் படத்தை அண்ணாச்சி லென்ஸ் மாட்டாமலேயே பார்த்தார். “நெசம்” என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். சொந்தப் பிள்ளையை அடையாளம் சொல்வதற்கு லென்ஸ் எதற்கு என்று அன்று நினைத்தேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

அப்பா பஸ் கண்டக்டர். திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை போகிற வண்டியில் வெகுகாலம் இருந்தார். காட்சி ஆட்டம் முடிந்த மறுநாள், அந்த வேகப்பந்து வீச்சாளர் வாடகைக் காரில் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கிறார். நாங்குநேரி தாண்டியதும் கார் படுத்துவிட்டது. பின்னால் வந்தது அப்பா வண்டி. கையைக் காட்டி ஏறியவரைப் பஸ்ஸில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அப்பாவுக்கு மட்டும் தெரிந்தது. முந்தின நாள் ஆட்டத்தை வேலி ஓரம் நின்று பார்த்தவர் அல்லவா. ஜன்னலோரம் உட்காரவைத்து, என் பிள்ளைக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவர் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, அப்பா காதில் செருகியிருந்த பேனாவை வாங்கி, ஓடுகிற பஸ்ஸில் வைத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

இந்தக் கதையை அப்பா சொல்லாத கல்யாண வீடு கிடையாது. “வண்டி நாங்குநேரி தாண்டுது...” என்று ஆரம்பித்தால் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் அடுத்த வரியைச் சொல்வார். அப்பா வேறு பெருமை எதுவும் பேசாதவர். அவரிடம் இருந்தது அந்த ஒரு பஸ் பயணம்தான்.

ஆறு வருசத்துக்கு முன்னால் உள்ளூர் கிரிக்கெட் சங்கம் ஒன்று கண்காட்சி வைத்தது. யார் வீட்டில் கையெழுத்துப் பொருள் இருந்தாலும் கொண்டுவரலாம், அண்ணாச்சி நெசம் என்று சொன்னால் மேசையில் வைப்பார்கள், பக்கத்தில் உடைமைக்காரர் பெயர் எழுதிவைப்பார்கள். அப்பாவை நான்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, பந்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார். டிப்போவில் கூட வேலை பார்த்த நாலு பேரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நீளமான மேசை, அதில் ஏற்கெனவே வரிசையாகக் காட்சி ஆட்டத்தில் வாங்கிய அந்தப் படங்களும் அட்டைகளும்.

அண்ணாச்சி பந்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். வழக்கம்போல லென்ஸை மாட்டினார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பந்தை மூன்று தடவை உருட்டினார்.

“கள்ளம்.”

அப்பா சரியாகக் கேட்காததுபோல முகத்தை முன்னால் கொண்டுபோனார். “தம்பி, நான் பக்கத்துல நின்னேன். என் பேனாவுல போட்டாரு.”

“பால்பாயிண்ட் பேனாவுல எந்தப் பெரிய ஆட்டக்காரன் அய்யா பந்துல போடுவான்? கோடு நடுங்குது பாருங்க.”

“ஓடுத பஸ்ஸுல போட்டா நடுங்காதா?”

“பஸ்ஸுல போட்டா எழுத்து குலுங்கும். இது குலுங்கல, நடுங்குது. ரெண்டும் வேற.” பிறகு ரொம்பத் தன்மையாகச் சொன்னார், “நீங்க பொய் சொல்லுதீயன்னு நான் சொல்லல. எழுத்து சொல்லுது.”

டிப்போக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பெயரை என் கையால் எழுதி, அதற்கு நேரே கள்ளம் என்றும் எழுதினேன். என் எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். “எதுக்குப்பா இத்தனை வருசமாப் பொய் சொல்லிட்டிருந்தீய?” அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் அந்த வண்டி நாங்குநேரி தாண்டவே இல்லை. டீக்கடையில் பழைய கூட்டாளிகள் “இன்னைக்கு வண்டியில யாரு ஏறுனா?” என்று கேலி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். டீக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். இரண்டு வருசம் கழித்து மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். அண்ணாச்சி முதல் ஆளாக வந்தார். பந்தல்காரருக்குச் சொல்லி, நாற்காலி எடுத்துப் போட்டு, ஆற்றங்கரை வரை கூட வந்து, என் தோளில் கைபோட்டு நின்றார். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாத பெரிய மனிதர் என்று அன்று நான் நெகிழ்ந்துபோனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போன மாசம் அந்தப் பந்து வீச்சாளர் மறுபடி வந்தார். பயிற்சி மைதானம் ஒன்றைத் திறந்துவைக்க. தலை முழுக்க நரைத்து, முழங்கால் தேய்ந்து, கம்பு ஊன்றி வந்தார். கையெழுத்து வாங்க நீளமாக வரிசை. அண்ணாச்சிதான் முன்வரிசையில் இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் அப்பாவின் பந்தைக் கொண்டுபோயிருந்தேன். எதற்கு என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கள்ளக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நெசக் கையெழுத்து வாங்கிவிட்டால், அப்பா சொன்ன பொய்யை எப்படியோ நேர்செய்துவிடலாம் என்று நினைத்தேன். மகன் செய்கிற கடைசிக் காரியம் என்று எனக்குள் ஒரு பெருந்தன்மை வேறு.

எனக்கு முன்னால் ஏரல் நர்சம்மா, அதே படத்தோடு. பந்து வீச்சாளர் படத்தைப் பார்த்து ஒரு கணம் யோசித்துவிட்டு, கீழே தேதி போட்டு மறுபடி கையெழுத்துப் போட்டார். அவள் சந்தோஷமாக நகர்ந்துவிட்டாள். நான் பந்தை நீட்டினேன்.

அவர் பேனாவைத் திறந்தார். பந்தைத் திருப்பினார். பேனாவை மூடிவிட்டார்.

“இதுல ஏற்கெனவே போட்டிருக்கேனே சார். எதுக்கு இன்னொண்ணு?”

பந்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“பஸ்ல போட்டது இது. குலதெய்வம் கோயிலுக்குப் போறப்ப காரு நின்னுபோச்சு. கண்டக்டர் பேனா எழுதவே மாட்டேன்னுச்சு, அவரு ரெண்டு தடவை உதறிக் குடுத்தாரு. இறங்குறப்ப என் பையைத் தூக்கிட்டு வந்து கோயில் வழி காட்டினாரு. எப்படி இருக்காரு?”

“அவர் என் அப்பா சார். காலமாயிட்டார்.”

“அடடா” என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பேனா எழுதாததையும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியதையும் அப்பா யாரிடமும் சொன்னதில்லை. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. நான் திணறிக்கொண்டே கேட்டேன். “அப்போ அந்தம்மா வச்சிருந்த படம்?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாவம், அவங்க மனசை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? அது என் எழுத்து இல்ல. அந்த மேட்ச்ல கட்டுக்கட்டாப் படமும் அட்டையும் நீட்டினாங்க, எனக்குப் பொறுமை இல்ல. கூட ஒரு லோக்கல் பையன் இருந்தான், துண்டு எடுத்துக் குடுக்குறவன். நீயே போட்டுடுப்பான்னு பேனாவைக் குடுத்துட்டேன். ரூம்ல உக்காந்து அத்தனையும் அவன்தான் போட்டான். என்னைவிட அழகாப் போடுவான்.” சிரித்தார். பின்னால் நின்றவர்கள் என்னை நகரச் சொன்னார்கள்.

நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். கடையை அடியோடு மூடிய பிறகு மகள் வீட்டில்தான் இருக்கிறார். மதியச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரர் மாதிரித் தெரியவில்லை.

“வாரும்வே. விழாவுக்குப் போயிருந்தீரோ?”

பந்தை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“இது நெசம்னு சொல்லுதாரு அண்ணாச்சி.”

“நெசம்தான்” என்றார். கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கே தெரியுமா?”

“கையில வாங்குனதும் தெரிஞ்சுட்டு.”

அவர் மறுப்பார், சண்டை போடலாம் என்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். “பொறவு ஏன் அப்படிச் சொன்னீய?”

“அந்த மேசையைப் பாத்தீர்லா? அம்புட்டும் நான் போட்டது. அதுக்கு நடுவுல இதைக் கொண்டுபோய் வச்சா, சின்னப் பிள்ளைகூட ரெண்டும் வேற வேற கைன்னு சொல்லிரும். இது நெசம்னா மத்ததெல்லாம் என்னதுன்னு கேப்பானுவளா மாட்டானுவளா?”

“தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. அந்த ஒத்தை வார்த்தை போதுமே. எங்கப்பா பந்தை எடுத்துட்டு மரியாதையா வீட்டுக்கு வந்திருப்பாவளே.”

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதோ அநியாயம் கேட்டுவிட்டதுபோல அந்தப் பார்வை. “தெரியலன்னு நான் யார்ட்டயும் சொன்னதில்லையே வே.”

இந்த ஒரு குணத்துக்காகத்தான் நான் பத்து வருசம் அவர் காலடியில் கிடந்தேன்.

நாலு பேர் முன்னால் வந்து அதைத் திருத்திச் சொல்லுங்கள் என்று கேட்டேன். டிப்போக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதே டீக்கடைதான், பத்து நிமிஷம் வந்தால் போதும் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவர் காம்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

“உம்ம அப்பா போய்ச்சேந்தாச்சு. இனிமே அவருக்கு என்ன வே? நான் இந்த ஊர்ல நடமாடணும்லா.”

மகள் காபி கொண்டுவந்தாள். குடிக்காமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் நான் போகவில்லை. இனியும் போக மாட்டேன். ஒரு மனிதரை இவ்வளவு நம்ப முடியும் என்பதே இப்போது எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேனா எழுதாதது, அப்பா பையைத் தூக்கியது, அண்ணாச்சி ஒப்புக்கொண்டது எல்லாம். அந்த ஆளை என்ன செய்தால் தகும் என்று கத்தினேன். அப்பா பெயரை எப்படி நாசமாக்கிவிட்டான் பாருங்கள் என்றேன். அம்மா மடிப்பை நிறுத்தவில்லை, எந்த ஆச்சரியமும் காட்டவில்லை.

“அந்த மனுசன் என்னத்தையும் சொல்லிட்டுப் போறான். ஊரான். அதை உங்கப்பா தாங்கியிருப்பாவ” என்றாள். “அன்னைக்கு நீ வந்து அப்படிக் கேட்டேல்லா, அன்னையிலிருந்து அவுக உன் முன்னால உக்காந்து ஒரு நேரம் சாப்பிடல. நீ வெளிய போன பொறவுதான் வந்து உக்காருவாவ. ரெண்டு வருசம். உனக்கு இன்னும் தெரியாதா?”

எனக்குத் தெரியாது.